எச்.ஐ.வி. பாடத்தை ஏன் பாதியிலேயே நிறுத்துகிறோம்?

பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் எச்.ஐ.வி. எப்படிப் பரவும் என்று கேளுங்கள். பாதுகாப்பற்ற உடலுறவு, ரத்தம், ஊசி, தாயிடமிருந்து குழந்தைக்கு என்று கடகடவென ஒப்பித்துவிடும். முழு மார்க். "சரி, நேற்று ராத்திரி ஒருவருக்கு ஆணுறை கிழிந்துவிட்டது, இன்றைக்கு அவர் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டுப் பாருங்கள். முழிக்கும். பாடம் நடத்துகிறவர்களில் பலரும் முழிப்போம்.

இத்தனைக்கும் பதில் சின்னது. தொற்றுக்கு வாய்ப்பிருந்தால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் போக வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. தடுப்பு மாத்திரை தருவார்கள், 28 நாள் விடாமல் போட வேண்டும். நாலாம் நாள் போய் நின்றால் அந்த வாய்ப்பு முடிந்தது. பாலியல் வன்முறைக்கு ஆளான பிள்ளைக்கும் இதே கணக்குதான். யாரிடம் சொல்வது என்று தயங்கியே மூன்று நாள் ஓடிவிடும் வயது அது. பாடத்தில் ஒரே ஒரு வரிக்குத்தான் இடம் என்றால் நான் இதைத்தான் போடுவேன்.

நாம் போடுவது வேறு. "எய்ட்ஸ் வந்தால் மரணம் நிச்சயம்" என்று பயமுறுத்தி முடித்துவிடுகிறோம். 1996 வாக்கில் கூட்டு மருந்து சிகிச்சை வந்ததிலிருந்து நிலைமையே வேறு. தினமும் மாத்திரை போடுகிறவர் மற்றவர்களைப் போல நெடுங்காலம் வாழலாம். பரிசோதனையில் தெரியாத அளவுக்கு ரத்தத்தில் வைரஸ் குறைந்து, அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் துணைக்குத் தொற்றாது. ஒருவருக்கு மட்டும் தொற்று இருக்கும், ஆணுறை பயன்படுத்தாத ஜோடிகளை ஐரோப்பாவில் வருடக்கணக்கில் கவனித்தார்கள். 2016-லும் 2019-லும் முடிவுகள் வந்தன. சிகிச்சையில் இருந்தவரிடமிருந்து துணைக்குப் பரவியதாக ஒன்றுகூட இல்லை. இதைச் சொன்னால் பிள்ளைகளுக்குப் பயம் விட்டுப்போகும் என்கிறார்கள் சிலர். போகட்டுமே. பயந்தவன் பரிசோதனைக்கே போகமாட்டான். தனக்கு இருப்பது தெரியாதவன் சிகிச்சைக்கும் போகமாட்டான், அவனிடமிருந்து மற்றவருக்குப் போகலாம்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அந்த வகுப்பிலேயே பிறவியிலேயே தொற்றோடு வந்த பிள்ளை ஒன்று உட்கார்ந்திருக்கலாம். காலையில் மாத்திரை போட்டுவிட்டு வந்து, யாரிடமும் சொல்லாமல் மூன்றாவது பெஞ்சில் இருக்கும். கரும்பலகை முன்னால் நின்று "மரணம் நிச்சயம்" என்று நாம் சொல்வது அதன் காதிலும் விழும். அமெரிக்காவில் ரயான் ஒயிட் என்ற சிறுவனுக்கு ஹீமோபிலியா, அதாவது ரத்தம் சரியாக உறையாத நோய். அதற்குக் கொடுத்த மருந்து வழியாக எச்.ஐ.வி. தொற்றியது. 1985-ல் அவனைப் பள்ளிக்குள்ளேயே விடமாட்டோம் என்றார்கள். அவனுக்கு அப்போது 13 வயது. தொட்டால் பரவாது என்று அன்றைக்கே மருத்துவர்கள் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள்.

"இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தால் கெட்டுப்போவார்கள்" என்ற பேச்சுக்கு வருகிறேன். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து யுனெஸ்கோ 2018-ல் வெளியிட்ட வழிகாட்டி, பாலியல் கல்வியால் பிள்ளைகள் சீக்கிரமே உடலுறவில் இறங்குவதில்லை என்று தெளிவாகவே சொல்கிறது. அதற்கு மேல் இந்த வாதத்தில் நேரம் செலவழிக்க எனக்கு மனமில்லை. நாம் வாயை மூடிக்கொண்டால் செல்போனில் ஓடும் ஆபாச வீடியோதான் வாத்தியார்.

பெயர் எழுதாமல் கேள்வி போடச் சொல்லி வகுப்பில் ஒரு பெட்டி வைத்துப் பாருங்கள். கையெழுத்து தெரிந்துவிடக் கூடாதென்று இடது கையால் எழுதியது போலக் கோணல் மாணலாகச் சீட்டுகள் விழும். கொசு கடித்தால் வருமா? முத்தம் கொடுத்தால்? ஒரே தடவையில் கர்ப்பமாகுமா? வேண்டாம் என்று சொன்னால் அவன் கோபித்துக்கொள்வானே? கடைசிக் கேள்விக்கு அறிவியல் புத்தகத்தில் விடை கிடையாது. ஆனால் நிறையப் பிள்ளைகளுக்கு அதுதான் முதல் கேள்வி. அதற்கு ஒரு பீரியட் முழுக்கப் பேசலாம், பையன்களையும் சேர்த்து உட்காரவைத்து.

ஆணுறையைப் பற்றிப் பேசும்போது காலாவதித் தேதியைப் பார்க்க வேண்டும், பர்ஸில் மாதக்கணக்கில் வைத்தால் வீணாகிவிடும், எண்ணெய் பட்டால் ரப்பர் கிழியும் என்பதையும் சொல்லுங்கள். மறுநாளே பரிசோதனை செய்து "இல்லை" என்று வந்தால் அதை நம்ப முடியாது, கருவியைப் பொறுத்துச் சில வாரங்களிலிருந்து மூன்று மாதம் வரை பொறுத்து மறுபடி பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். கூச்சமாக இருக்கிறதா, ஒரு செவிலியரையோ சுகாதாரப் பணியாளரையோ வகுப்புக்கு அழைத்துவிட்டு நீங்கள் வெளியே போய் நில்லுங்கள். பரிசோதனை எங்கே செய்வார்கள், யாருக்குப் போன் பண்ணுவது என்பதைப் பாடத்தின் கடைசிப் பக்கத்திலேயே அச்சடித்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. பரீட்சையில் அதைக் கேட்கவே வேண்டாம்.