பழைய கபுறுகளுக்கு சிமென்ட் பூச்சு: ஒரு திருத்தம்

அஸ்ஸலாமு அலைக்கும். குடும்ப மையவாடிகளில் (இடுகாடுகளில்) உள்ள பழைய சூஃபி கபுறுகளுக்கு, அதாவது அடக்கத்தலங்களுக்கு, சிமென்ட் பூசினால் ஈரம் ஏறாது என்று ஒரு சகோதரர் சொல்லியிருக்கிறார். அக்கறையோடுதான் சொல்கிறார், ஆனால் நடப்பது நேர்மாறு.

அந்தக் கட்டுமானம் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். நாகூர், முத்துப்பேட்டை போன்ற கடலோரப் பகுதிகளில் நிலத்தடி நீரில் உப்பு அதிகம். அது செங்கல் வழியே மேலேறும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே ஆவியாக விடும். சிமென்ட் பெரும்பாலும் அடைத்துவிடும். ஈரம் இன்னும் உயரத்துக்கு ஏறும், உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி செங்கல்லைப் பொடியாக்கும். வெளியே பார்த்தால் புதுசாகவே தெரியும், அதுதான் ஆபத்து.

நீங்களே பார்க்கலாம். சிமென்ட் பூசிய கபுறை விரல் முட்டியால் தட்டுங்கள்: பூச்சு செங்கல்லை விட்டு விலகிய இடத்தில் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் சத்தம் வரும். பூச்சு முடியும் விளிம்புக்கு மேலே வெள்ளை உப்புப் பூத்திருக்கும். இன்னும் சந்தேகமென்றால் இரண்டு பழைய செங்கல்லை நிறுத்தி, ஒன்றின் நான்கு பக்கமும் சிமென்ட், மற்றதற்குச் சுண்ணாம்பு பூசி, மேல்முகத்தைத் திறந்தே விடுங்கள். நன்றாகக் காய்ந்தபின் ஓர் அங்குல உப்புத்தண்ணீரில் சில வாரம் வையுங்கள். உப்பு எங்கே பூக்கிறது என்று கவனியுங்கள்.

பூச வேண்டுமானால் நீற்றிய சுண்ணாம்பு 1 பங்கு, கழுவிய ஆற்று மணல் 3 பங்கு. மணலில் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சலித்த செங்கல் தூள் சேர்க்கலாம். மெல்லிய அடுக்குகளாக, ஐப்பசி மழைக்கு வெகுமுன்பே. ஏற்கெனவே பூசிய சிமென்ட்டைச் சிற்றுளியால் மட்டும் எடுங்கள். செங்கல் முகமும் சேர்ந்து பெயர்ந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.