மாத்திரைக்கு முன் இரத்தப் பரிசோதனை

கெண்டைக்கால் பிடிப்புக்கு மக்னீசியம் மாத்திரையே முதல் தீர்வு என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வசிக்கிறேன். இவ்வூருக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கும் இடையே நடைபெறும், ஏறத்தாழ 90 கிலோமீட்டர் காம்ரேட்ஸ் ஓட்டத்தில் என் மைத்துனர் பலமுறை ஓடியவர். ஓராண்டு ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் அவருடைய கெண்டைச்சதை எலுமிச்சம்பழம் போலத் திரண்டு இறுகிவிட்டது. அன்று காலைவரை அவர் மக்னீசியத்தைத் தவறாமல் விழுங்கி வந்தவர்தாம். சாலையோரம் அமர்ந்து, முழங்காலை நீட்டி, பாதவிரல்களைத் தன் பக்கமாக அரை நிமிடம் இழுத்துப் பிடித்த பிறகே பிடிப்பு விட்டது.

கேப் டவுனின் 56 கிலோமீட்டர் டூ ஓஷன்ஸ் ஓட்டக்காரர்களை ஆராய்ந்த விளையாட்டு மருத்துவர் மார்ட்டின் ஷ்வெல்னஸ் குழுவினர், பிடிப்பு வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் இடையே இரத்தத் தாதுக்களிலோ நீர்ச்சத்திலோ பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை என்று 2004-இல் எழுதினர். களைத்த தசையின் நரம்புக் கட்டுப்பாடு குலைவதே காரணம் என்பது அவர்கள் கருத்து. முதியோரின் பிடிப்பைத் தடுப்பதிலும் மக்னீசியம் குறிப்பிடத்தக்க பயன் தருவது அரிது என்றே பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டு 2020-இல் வெளியான காக்ரேன் மீளாய்வு கூறுகிறது.

நம் வீட்டுப் பெரியவர்களை எண்ணித்தான் இவ்வளவும் எழுதுகிறேன். நீரிழிவால் சிறுநீரகம் தளர்ந்தவர்களின் உடலில் மக்னீசியம் வெளியேறாமல் தேங்கி, இதயத் துடிப்பையே பாதிக்கக்கூடும். இரத்த அழுத்தத்துக்கு, சிறுநீரைப் பெருக்கும் நீர் மாத்திரை உண்பவர்களுக்கோ பொட்டாசியம் உண்மையாகவே குறைந்து, அதனால் பிடிப்பு வரலாம். அதை இரத்தப் பரிசோதனை காட்டிவிடும். என் தாயாருக்கு அப்படித்தான் கண்டறிந்து, மருத்துவர் நீர் மாத்திரையை மாற்றிக் கொடுத்ததும் இரவுப் பிடிப்பு நின்றது.