முதலில் ஓ.பி. சீட்டைப் பாருங்கள்

முதுகெலும்புத் தொற்றைக் கண்டுபிடிக்கத் தாமதமானால் இழப்பீடு கேட்கலாம் என்கிறது ஒரு கட்டுரை. சரி, ஆனால் தாமதம் எல்லாமே அலட்சியம் ஆகிவிடாது. நம் ஊரில் முதுகெலும்பைத் தாக்குவதில் காசநோய்க்குப் பெரிய பங்கு உண்டு. அது மெதுவாகத்தான் அரிக்கும், ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமலே போகலாம். சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு, படுத்தாலும் விடாத வலி என்று நோயாளி சொன்ன பிறகும் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லாமல் வலி மாத்திரையே கொடுத்தார்களா என்பதுதான் கேள்வி.

எங்கள் சித்தப்பாவின் ஓ.பி. (வெளிநோயாளி) சீட்டில் 'இடுப்பு வலி' என்று ஒரே வரி. காய்ச்சல் என்று அவர் சொன்னது எதுவும் அதில் ஏறவில்லை. கால் மரத்து, செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடந்த பிறகுதான் ஸ்கேன் எடுத்தார்கள். வக்கீல் முதலில் கேட்டதே அந்தச் சீட்டைத்தான்!

கேட்ட 72 மணி நேரத்துக்குள் நோயாளியின் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்று 2002 மருத்துவக் கவுன்சில் விதி இருக்கிறது. எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 வருடம்தான் கெடு. அப்புறம், கட்டுரை விட்டுவிட்ட ஒன்று: 1995 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி காசு வாங்கும் மருத்துவமனைகள் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும், எல்லாருக்கும் முழுக்க இலவசமாகப் பார்க்கும் அரசு மருத்துவமனை வராது. அங்கே பாதிக்கப்பட்டவர்கள் சிவில் கோர்ட்டுக்கோ ஹைகோர்ட்டுக்கோதான் அலைய வேண்டும்.