ஒரு ஹார்ட் டிஸ்க்குக்காக நான்கு வருஷம் கெஞ்சினேன்

இன்றைக்கும் ராத்திரி எட்டரை வரை உட்கார்ந்து துண்டுச் சீட்டுகளைப் பார்த்து எடைக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு வந்திருக்கிறேன். இது பதினோராவது நாள். கண் எரிகிறது, அதைவிட வயிறு எரிகிறது.

மார்த்தாண்டம் பக்கம் ஒரு ரப்பர் ஷீட் கொள்முதல் கடையில் கணக்கு பார்க்கிறேன். இந்த ஐப்பசியில் ஒரு சாயங்காலம் விழுந்த இடியில் ஆபீஸ் கம்ப்யூட்டர் போய்விட்டது. யுபிஎஸ் இருந்ததே என்று எல்லாரும் கேட்கிறார்கள். யுபிஎஸ் கரண்ட் வரும் வழியைத்தான் பார்த்துக்கொள்ளும். இது வந்தது இன்டர்நெட் ஒயர் வழியாக. மோடம் கருகி, அதிலிருந்து மதர்போர்டு, உள்ளே இருந்த டிஸ்க் என்று வரிசையாகப் போனது. நாங்கள் ‘பேக்கப்’ என்று சொல்லிக்கொண்டிருந்த பென் டிரைவும் அதே கம்ப்யூட்டரின் பின்னால்தான் வருஷக்கணக்கில் செருகிக் கிடந்தது. அதுவும் சேர்ந்தே போனது.

“இடிக்கு நாம என்ன செய்ய முடியும் மக்கா?” என்கிறார் முதலாளி.

என்ன செய்ய முடியுமா? இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. சித்திரையிலும் ஐப்பசியிலும் மத்தியானம் தாண்டி மலைப்பக்கம் கறுத்தால், டிவி பிளக்கைப் பிடுங்கிவிடச் சொல்லி அடுத்த வீட்டுக்கும் குரல் கொடுப்போம். நூற்றுக்கணக்கான குடும்பங்களின் கணக்கு இருக்கிற பெட்டிக்கு அந்த அக்கறைகூட இல்லை.

நான் கேட்டது இரண்டு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க். வாரம் ஒன்றில் மாற்றி மாற்றி ஏற்ற வேண்டும், ஏற்றியதும் கழற்றிவிட வேண்டும், ஒன்று எப்போதும் கடைக்கு வெளியே யாராவது வீட்டு அலமாரியில் இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் வேலை தெரிந்தவர்கள் காலங்காலமாகச் சொல்வதும் இதுதான்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். இரண்டு கேட்டுக் கிடைக்காமல், ஒன்றாவது வாங்கித் தாருங்கள் என்று இறங்கி வந்தேன். நான்கு வருஷமும் ஒரே பதில்தான். “இதுவரைக்கும் ஒண்ணும் ஆவலியே, பின்ன எதுக்கு நாலாயிரம் ரூவா?” இப்போது திருவனந்தபுரத்தில் டிஸ்க்கிலிருந்து ஃபைல் மீட்டுத் தருகிற ஒரு கடையில் இருபத்தெட்டாயிரம் கேட்கிறார்கள். கிடைக்கும் என்ற உறுதியும் கிடையாது.

இன்டர்நெட்டில் ஃபைல் சேமிக்கிற கூகுள் டிரைவைச் சொல்லி, முதலாளி மகன் “எல்லாம் டிரைவ்ல இருக்கு” என்று தைரியம் சொன்னார். திறந்து பார்த்தால் டெஸ்க்டாப்பில் கிடந்த படங்களும் பழைய கொட்டேஷன்களும்தான் இருக்கின்றன. கணக்கு எழுதுகிற டாலி சாஃப்ட்வேரின் ஃபோல்டரை அதில் சேர்க்கவே இல்லை. எடைக் கணக்கு ஷீட் மட்டும் இருந்திருக்கிறது. அதையும் யாரோ இடம் போதவில்லை என்று ஆனி மாதம் இங்கே அழித்திருக்கிறார்கள். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், குப்பைத் தொட்டியில் 30 நாள்தான் நிற்கும். ஒத்திசைவு வேறு, பேக்கப் வேறு என்று எத்தனை தடவை சொன்னேன்! ஒரே ஒரு நாள் வேறு கம்ப்யூட்டரில் அதைத் திறந்து பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

இடி மட்டுமா? 2017 மே மாதம் வானாக்ரை என்ற வைரஸ் வந்து உலகம் முழுக்க ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்டது. அதை அடைக்கிற அப்டேட்டை மைக்ரோசாப்ட் மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். எங்கள் கடையில் இன்றுவரை அப்டேட் போட விடமாட்டார்கள், “ஸ்லோ ஆவும்” என்பார்கள். இந்த மாதிரி வைரஸ் வந்தால் செருகி வைத்திருக்கும் டிஸ்க்கையும் சேர்த்துத்தான் பூட்டும். அதனால்தான் கழற்றி வை, கழற்றி வை என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

ஜிஎஸ்டிக்குத் தாக்கல் செய்த விற்பனை விவரத்தைப் போர்ட்டலில் இருந்து எடுத்துவிடலாம். கணக்குப் புத்தகத்தை, ஆண்டறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதற்கு ஆடிட்டர் ஏதாவது வழி சொல்வார். ஆனால் அருமனை, குலசேகரம் பக்கத்து அரை ஏக்கர், ஒரு ஏக்கர்காரர்களின் முன்பணக் கணக்கு எந்தப் போர்ட்டலில் இருக்கிறது? மழைக்குப் பால்வெட்டு நிற்கும்போது வாங்குவார்கள், வெயில் வந்ததும் ஷீட்டாகக் கொடுத்துக் கழிப்பார்கள். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்து மரமெல்லாம் முறிந்தபோது வாங்கியவர்களும் உண்டு. புது மரம் நட்டுப் பால் வெட்ட ஏழு வருஷம் ஆகும், அதனால் சிலருக்கு அந்தக் கணக்கு இப்போதுதான் அடைந்து வருகிறது. யார் எவ்வளவு கழித்தார்கள் என்பது அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் இருந்தது.

நேற்று ஒரு பாட்டி வந்தார். நாங்கள் கொடுத்த சீட்டுகளை எல்லாம் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, நூல் கட்டிப் பத்திரமாக வைத்திருக்கிறார். பிரித்துக் கொடுத்துவிட்டு, “மக்ளே, எனக்க கணக்கு ஒங்களுக்க பெட்டியில இல்லியா?” என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவர் போனதும் முதலாளி என்னிடம், “கணக்கு நீதானே பாக்கிய, நீ பத்திரப்படுத்தியிருக்கண்டாமா?” என்றார். நான்காயிரம் ரூபாய்க்கு நான்கு வருஷம் கெஞ்சினவன் நான். என் சம்பளத்தில் வாங்குகிறேன் என்றபோதும், கடைக் கணக்கு வெளியே போகக்கூடாது என்று தடுத்தவர் இவர். இப்போது பழி மட்டும் என் தலையில்.

இன்று காலையில் புது ஹார்ட் டிஸ்க் ஒன்று வந்தது. மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறேன், புதுக் கம்ப்யூட்டரின் பின்னால் செருகி, ஒயரைச் சுவரோடு சேர்த்து டேப் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். டேப்பைப் பிய்த்துக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். நாளைக்குக் கேட்கட்டும்.