ரிப்பேர்க்காரர் இல்லாத தெருவில் என்ன சிக்கனம்?

பள்ளிக்கூடம் திறந்தாலும் சரி, தீபாவளி முடிந்தாலும் சரி, "மாசம் ஐயாயிரம் மிச்சம் பிடிப்பது எப்படி" என்று யாராவது ஒருவர் வீடியோ போட்டுவிடுகிறார். வெளியே சாப்பிடாதே, லைட்டை அணை, லிஸ்ட் எழுதிக்கொண்டு கடைக்குப் போ, மீந்த சோற்றைக் கொட்டாதே. எதுவும் தப்பில்லை. ஆனால் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தால், சிக்கனம் என்பது வீட்டுப் பெண்ணின் பிறவிக் குணம், அது இருந்தால் குடும்பம் நிமிரும், இல்லாவிட்டால் கவிழும் என்று நம்பத் தோன்றும். எனக்கு அதில்தான் சண்டை. இந்தச் சேலத்தில் நான் பார்த்த வரை, ஒரு வீடு கட்டுச்செட்டாக ஓடுவதில் பாதிக்கு மேல் அந்த வீடு இருக்கிற தெருவின் கையில் இருக்கிறது.

எங்கள் மிக்ஸியையே எடுத்துக்கொள்ளுங்கள். தேங்காய்ச் சட்னி அரைக்கும்போது தீய்ந்த வாடை. அடியில் பளிச் பளிச்சென்று பொறி வேறு. கம்பெனி சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்த பையன் திறந்துகூடப் பார்க்கவில்லை. "மோட்டார் போயிருக்கும் மேடம். இதுக்குச் செலவு பண்றதுக்கு எக்ஸ்சேஞ்சில புதுசே எடுத்துக்கலாம்" என்று விலைப்பட்டியலை நீட்டினான். வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு நேராக அம்மாப்பேட்டையில் எங்களுக்குப் பழக்கமான கடைக்குப் போனேன். கடை என்றால் ஒரு மாடிப்படிக்கு அடியில் இருக்கிற சந்து. ஆள் உட்கார்ந்தால் மிக்ஸிக்கு இடம் இல்லை, மிக்ஸியை வைத்தால் ஆளுக்கு இடம் இல்லை. அண்ணன் ஸ்க்ரூவைக் கழற்றி, மோட்டாரின் பக்கவாட்டிலிருந்து ஒரு கருப்புத் துண்டை உருவி என் உள்ளங்கையில் வைத்தார். தேய்ந்து தேய்ந்து சுண்டுவிரல் நகம் அளவுக்கு வந்திருந்தது. "இதாங்க்கா கார்பன் பிரஷ். மோட்டார் கல்லு மாதிரி இருக்குது. இது தேஞ்சு போச்சு, அவ்ளோதான்."

சுற்றுகிற பாகத்துக்குக் கரண்டைக் கொண்டு சேர்ப்பது அந்தக் கரித்துண்டுதான். உரசிக்கொண்டே இருப்பதால் தேய்வது அதன் தலையெழுத்து. ரொம்பத் தேய்ந்தால் சரியாக ஒட்டாமல் பொறி பறக்கும், வாடை வரும். ஒரு ஜோடி புதிதாகப் போட்டார். பெரிய ஜாருக்கு அடியில் தண்ணீர் கசிந்ததைக் காட்டினேன், புஷ்ஷையும் மாற்றினார். எல்லாம் சேர்த்து ஒரு பிரியாணிக் காசு ஆகவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார்: "மிக்ஸி திடீர்னு நின்னுட்டா பாதிப் பேர் பயந்துட்டு இங்க தூக்கிட்டு வந்துடறாங்க. கவுத்துப் பாத்தீங்கன்னா அடியில சிவப்பு பட்டன் இருக்கும். கொஞ்ச நேரம் ஆறவிட்டு அதை அமுக்கினா ஓடும்." சுமை அதிகமானால் மோட்டார் எரியாமலிருக்க இணைப்பைத் தானாகவே துண்டித்துக்கொள்கிற சுவிட்ச் அது. தனக்கு வர வேண்டிய வேலையைத் தானே வேண்டாம் என்று சொல்லித் தருகிற மனிதர். சேலத்தில் இப்படிப்பட்டவர்கள் இன்னும் தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார்கள். தறி ஓடுகிற ஊர் என்பதால் மோட்டாருக்குக் காயில் கட்டத் தெரிந்த கைக்கு இங்கே பஞ்சமில்லை என்று நினைக்கிறேன்.

ஃபேன் கதை கொஞ்சம் சிக்கலானது. பழைய ஃபேன் மெதுவாக ஓடினால் பெரும்பாலும் கண்டென்சர் போயிருக்கும். எலக்ட்ரீஷியன் ஸ்டூல் போட்டு ஏறி மாற்றிவிட்டு டீ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்தது. ஆனால் அந்த ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும். நாளுக்கு 16 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் அது மட்டும் 72 யூனிட். இப்போது வருகிற பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் அளவில் நிற்கிறது. அதே ஓட்டத்துக்கு 29 யூனிட்டில் முடிந்துவிடும். 500 யூனிட்டை ஒட்டி நிற்கிற வீடுகளுக்கு இது லேசான விஷயமில்லை. 2022 செப்டம்பரில் மாறிய கட்டண முறையில், 500ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. 101 முதல் 200 வரை கிடைக்கிற குறைந்த விலையும் கைவிட்டுப் போகிறது. சித்திரை வெயிலில் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட ஃபேனை மாற்றினால் போதும் என்றால், மாற்றத்தான் வேண்டும்.

சரி, மாற்றியாச்சு. அது பழுதானால்? உள்ளே இருப்பது எலக்ட்ரானிக் போர்டு. "காயில்னா கட்டித் தந்துடுவேன், போர்டு போச்சுன்னா கம்பெனிதாங்க" என்கிறார் அதே எலக்ட்ரீஷியன். வாரன்டி இருக்கிற வரை பரவாயில்லை. அதற்கப்புறம் அந்த மாடலின் போர்டு கிடைத்தால் உண்டு, கிடைக்காவிட்டால் ஃபேனே குப்பை. ஆக, பில்லில் மிச்சமாகிற காசு ரிப்பேர்க்காரர் கையிலிருந்து வேலையைப் பிடுங்கிக்கொண்டு வருகிறது. என் கணக்கு இதுதான்: நாள் முழுக்க ஓடுகிற ஹாலுக்கும் ராத்திரி முழுக்க ஓடுகிற படுக்கையறைக்கும் புதிய ஃபேன். விருந்தாளி வந்தால் மட்டும் போடுகிற அறைக்குப் பழையதே போதும். கரண்டை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஓடாத ஃபேனையெல்லாம் ஒரே நாளில் மாற்றுபவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

ரிப்பேர் செய்யும் உரிமைக்காக மத்திய அரசு 2022 டிசம்பரில் ஓர் இணையதளம் திறந்தது. கம்பெனிகள் தங்கள் பொருள்களை எப்படிப் பழுது பார்ப்பது, யாரிடம் கேட்பது என்ற விவரங்களை அதில் போட வேண்டும் என்பது ஏற்பாடு. நல்ல காரியம்தான். ஆனால் மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்திருப்பவருக்கு வேண்டியது ஸ்பேர். நியாயமான விலையில், கம்பெனி வாசலில் கால்கடுக்க நிற்காமல், சின்னக்கடை வீதிப் பக்கம் ஒரு நடை போனால் கிடைக்கிற ஸ்பேர். குக்கருக்கு அது இருக்கிறது. கேஸ்கட், வெயிட், சேஃப்டி வால்வு, கைப்பிடி எல்லாம் தனித்தனியாகத் தொங்குகின்றன. அதனால்தான் கல்யாணச் சீர் குக்கர் பேத்தி காலம் வரை விசில் அடிக்கிறது. (வால்வை மட்டும் கிடைத்த கடையில் கிடைத்ததைப் போடாதீர்கள். அந்த மாடலுக்கு உரியதையே கேட்டு வாங்குங்கள்.)

துணிக்கு வருவோம், நெசவாளர் ஊரில் இருந்துகொண்டு அதைப் பேசாமல் இருக்க முடியுமா? பழைய காட்டன் வேட்டிக்கு எத்தனை பிறவி என்று எல்லோருக்கும் தெரியும். தலையணை உறை, அப்புறம் அடுப்படியில் கைப்பிடித் துணி, கடைசியில் வாசல் துடைக்கிற கந்தை. இந்தக் காலத்துப் பாலியஸ்டர் நைட்டிக்கு அந்த யோகம் இல்லை. கிழித்துத் தரை துடைத்துப் பாருங்கள், தண்ணீரை உறிஞ்சாது, இங்கிருந்து அங்கே தள்ளிக்கொண்டு போகும். சூடான பாத்திரத்தைப் பிடித்தால் கையோடு உருகி ஒட்டிக்கொள்ளும். வாங்கும்போது மலிவு, ஆனால் ஒரே பிறவிதான். ரெடிமேட் சட்டையும் அப்படியே. எங்கள் டெய்லர் அக்கா பிள்ளைகளுக்குப் பாவாடை சட்டை தைத்தால் ஓரத்தில் ஒரு விரல் துணியை உள்ளே மடித்து விடுவார். அடுத்த வருஷம் பிள்ளை வளர்ந்ததும் பிரித்து விட்டால் போதும். ரெடிமேடில் தையலை ஒட்டி வெட்டிவிடுகிறார்கள், பிரித்தால் துணியே இருக்காது. உடம்பு கொஞ்சம் பூசினால் உடுப்பு போச்சு. எவ்வளவு சாமர்த்தியமான இல்லத்தரசியாக இருந்தாலும் இல்லாத துணியைப் பிரித்து விட முடியுமா?

மொத்தமாக வாங்கினால் மலிவு என்பதும் அப்படித்தான். செவ்வாய்ப்பேட்டை லீ பஜாருக்குப் போனால் மிளகாய், மல்லி, புளி, பருப்பு எல்லாம் தெருக்கடையைவிடக் குறைவுதான். மாசி, பங்குனியில் புதுப் புளி வரும். வாங்கி, கொட்டை எடுத்து, நார் எடுத்து, காயவைத்து, கல் உப்புப் போட்டு ஜாடியில் அடைத்தால் வருஷம் முழுக்கக் கவலையில்லை. ஆனால் காயவைக்க மொட்டை மாடி வேண்டும். வாடகை வீட்டில் மாடிச் சாவி ஹவுஸ் ஓனரிடம் இருக்கிறது. மிளகாய் அரைக்க மில் வேண்டும். எங்கள் தெரு மில்லில் நம் முறை வந்ததும் டப்பாவை நீட்டிவிடக் கூடாது. "இதுக்கு முன்னால என்ன அரைச்சீங்க?" என்று கேட்க வேண்டும். மிளகாய் அரைத்த கையோடு குழந்தைக்குச் சத்துமாவு அரைத்தால் அப்புறம் வீட்டில் ஒரே அழுகைதான். அரைத்த தூள் சூடாக இருக்கும்போதே டப்பாவில் அடைத்தால் வியர்த்துக் கட்டி தட்டும், பேப்பரில் பரப்பி ஆறவிட வேண்டும். இதெல்லாம் மில்லில் வரிசையில் நிற்கிற பாட்டிமார் சொல்லித் தந்தது. இப்போது சில ஏரியாக்களில் பக்கத்தில் மில்லே கிடையாது. ஆட்டோ பிடித்துப் போய் அரைத்துக்கொண்டு வந்தால் பாக்கெட் தூளே மலிவு.

இதில் இன்னொரு விஷயம். வருஷத்துக்கான புளியை ஒரே நாளில் வாங்கக் கையில் மொத்தமாகப் பணம் வேண்டும். விசைத்தறியில் வாரக் கூலி வாங்குகிற வீட்டில் சனிக்கிழமை வருகிற காசு அடுத்த சனிக்கிழமைக்குள் கரைந்துவிடும். அவர்கள் கால் கிலோ, நூறு கிராம் என்றுதான் வாங்குவார்கள். கிலோவுக்குக் கணக்குப் போட்டால் நம்மைவிட அதிக விலை கொடுப்பது அவர்கள்தான். அவர்களைப் பார்த்து "பிளான் பண்ணி வாங்கத் தெரியலை" என்று சொல்ல நமக்கு வாய் கூச வேண்டும். அந்த வீடுகளை ஓட்டுவது தெருமுனை மளிகைக் கடையின் கணக்கு நோட்டு. பத்து நிமிஷத்தில் வீட்டுக்குக் கொண்டுவருகிற ஆப், "அடுத்த வாரம் கொடுக்கா, பரவாயில்லை" என்று சொல்லுமா?

வீடியோக்காரர்கள் வாயே திறக்காத இன்னொரு இடம் ரேஷன் கடை. 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். எங்கள் தெருவில் இட்லி மாவு பாதிக்கு மேல் ரேஷன் புழுங்கலரிசியில்தான் ஆடுகிறது. நல்ல லாட் வந்தால் செய்தி வாட்ஸ்அப்பில் பறக்கும். அதேபோல உழவர் சந்தை. 1999இல் மதுரையில் முதலில் தொடங்கியது, நம் ஊரில் சூரமங்கலம், அஸ்தம்பட்டி, தாதகாப்பட்டி, அம்மாப்பேட்டை என்று பரவியிருக்கிறது. விவசாயி கடைக்கு வாடகை கொடுப்பதில்லை, விலை போர்டில் எழுதியிருக்கும். ஒரு குடும்பம் மாதாமாதம் மிச்சம் பிடிக்கிற தொகையில் இந்த இரண்டின் பங்கு எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள். லைட்டை அணைத்து மிச்சம் பிடித்ததெல்லாம் அதற்குப் பக்கத்தில் நிற்காது.

இவ்வளவு சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விட முடியாது. புளியில் நார் எடுப்பது, ரேஷனில் நிற்பது, மில்லுக்குப் போவது, விடியற்காலையில் சந்தைக்குப் போவது, இத்தனையும் செய்கிற கை யாருடையது? என் மாமியார் ஒரு கோடை முழுக்கக் குச்சிக்கிழங்கு வத்தல் போட்டு, காக்காய் விரட்டி, முதுகு வலியோடு படுத்ததைப் பார்த்திருக்கிறேன். கடையில் வாங்கியிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று மாமனார் பெருமையாகக் கணக்குச் சொல்வார். அத்தையின் கூலி அந்தக் கணக்கில் வராது. மில், டெய்லர், ரிப்பேர்க்காரர் என்று கூலிக்குச் செய்பவர்கள் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். இருந்தால், எல்லாவற்றையும் ஒரே பெண் வீட்டுக்குள் செய்து தொலைக்க வேண்டியதில்லை.

ஆனால் நாம் என்ன செய்கிறோம்? புதிதாகக் கட்டுகிற அபார்ட்மென்ட் வாசல்களில் "வெளி வியாபாரிகளுக்கு அனுமதி இல்லை" என்று போர்டு தொங்குகிறது. பழைய பேப்பர்காரர், இஸ்திரி வண்டி, ஈயம் பூசுகிறவர், "அம்மி கொத்தலையோ" என்று கூவிக்கொண்டு வருகிறவர், யாரும் உள்ளே வர முடியாது. பாதுகாப்பு என்கிறார்கள். வாரத்துக்கு ஒரு நாள் காலையில் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போட்டு உட்கார விட்டால் என்ன குறைந்துவிடும்? குடியிருப்போர் சங்கக் கூட்டங்களில் பார்க்கிங் சண்டைக்கு நடுவே இதையும் ஒரு வார்த்தை பேசுங்கள். அப்புறம், ரிப்பேர்க் கூலியில் பேரம் பேசாதீர்கள். மாலில் எழுதியிருக்கிற விலையை வாய் திறக்காமல் கொடுத்துவிட்டு, கேஸ்கட் மாட்டிவிட்ட அண்ணனிடம் இருபது ரூபாய்க்கு மல்லுக்கட்டுவதை என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

கடைசியாக ஓர் உதவி. அஸ்தம்பட்டி, நாலு ரோடு பக்கம் குடை ரிப்பேர் செய்பவர் யாராவது இருந்தால் கமென்ட்டில் இடம் மட்டும் சொல்லுங்கள். துணி நன்றாக இருக்கிறது, கம்பிதான் ஒடிந்திருக்கிறது. முன்பு செய்துகொண்டிருந்தவரைக் கொஞ்ச நாளாகக் காணோம். ஐப்பசி மழைக்கு முன்னால் தைத்து வாங்கிவிட வேண்டும்.