சூரியகாந்தி நட்டவர்கள் இளிச்சவாயர்களா?

நேற்று நம் நண்பர் போட்ட படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வயலில் செடி நடும் மூன்று பாதுகாப்பு அமைச்சர்கள், மேலே "இளிச்சவாயர்கள்" என்று ஒரு வரி. நான் சிரிக்காததற்கு எனக்கு 'பூச்செடி அறிவுஜீவி' என்று பட்டம் வேறு. சரி, வைத்துக்கொள்கிறேன்.

1996 ஜூனில் உக்ரைனின் பெர்வோமைஸ்க் அருகே எடுத்த படம் அது. அமெரிக்காவின் பெர்ரி, ரஷ்யாவின் கிராச்சோவ், உக்ரைனின் ஷ்மரோவ். சோவியத் உடைந்தபோது தன்னிடம் தங்கிப்போன அணு ஏவுகணைகளை உக்ரைன் விட்டுக்கொடுத்தது; அப்படி ஓர் ஏவுகணையின் நிலத்தடிக் குழி இருந்த இடத்தில் சூரியகாந்தி நடுகிறார்கள். போட்டோவுக்கு நின்றார்கள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் செடி நடுவது கடைசி வேலை ஐயா. அதற்கு முன்னால் குழியை ஆறு மீட்டர் ஆழத்துக்காவது வெடிவைத்துத் தகர்க்க வேண்டும், அல்லது எட்டு மீட்டர் தோண்டி எடுக்க வேண்டும். அணு ஆயுதங்களைக் குறைக்க அன்றைக்கிருந்த ஸ்டார்ட் ஒப்பந்தம் அப்படி. தகர்த்தது உண்மைதானா என்று எதிர்த்தரப்பின் செயற்கைக்கோள் பார்ப்பதற்காக 90 நாள் மூடாமல் போட்டுவைக்க வேண்டும். அப்புறம்தான் மண் நிரப்புவது. உக்ரைனில் 176 ஏவுகணைகள் இருந்தன; குழிகளின் கதை முடிய 2001 ஆனது.

நிலத்தைத் திருப்பி எடுப்பது விளையாட்டா? அமெரிக்கா 1965லேயே கைவிட்ட அட்லஸ் ஏவுகணைத் தளங்களைப் பாருங்கள். எரிபொருள் குழாய்களைக் கழுவிய ட்ரைகுளோரோஎத்திலீன் என்ற நச்சுக் கரைப்பான் வயோமிங் மாநிலத்தில் நிலத்தடி நீர்வரை இறங்கிவிட்டது. ஏவுகணை போன பிறகும் அதன் அழுக்கு போகவில்லை.

எனக்கு இது ஏன் சுடுகிறது என்றால், அப்பா ஒன்றரை ஏக்கரைச் செங்கல் சூளைக்குக் குத்தகைக்கு விட்டார். மூன்றே வருஷம். மேல்மண் மொத்தமும் கல்லாகிப் போய்விட்டது. குளத்து வண்டல் அடித்தோம், ஆட்டுக்கிடை போட்டோம், சணப்பு விதைத்து மடக்கி உழுதோம். ஊரே சிரித்தது. ஆறாவது வருஷம்தான் உளுந்து ஒழுங்காகக் காய்த்தது. முதல் படி உளுந்தை அம்மா சாமி படத்துக்கு முன்னால் வைத்தார்.

"ஏவுகணையைக் கொடுக்காமல் இருந்திருந்தால் 2022இல் ரஷ்யப் படையெடுப்பு நடந்திருக்குமா?" இதைத்தானே கேட்பீர்கள்? ஏவும் குறியீடுகள் மாஸ்கோவில் இருந்தன. பூட்டு உங்கள் வாசலில், சாவி பக்கத்து வீட்டில். நாளடைவில் பூட்டையே மாற்றியிருக்கலாம் என்பீர்கள். மாற்றியிருக்கலாம்தான். சரி, அதை விடுங்கள். 1994இல் புடாபெஸ்டில் உக்ரைனின் எல்லையை மதிப்போம் என்று கையெழுத்துப் போட்டது ரஷ்யா. வாக்கை மீறியவன் அங்கே இருக்க, நம்பியவனைப் பார்த்துச் சிரிக்கிறீர்களே, எந்த ஊர் நியாயம்? கடன் வாங்கி ஏமாற்றியவனை விட்டுவிட்டுக் கொடுத்தவனைக் கேலி செய்யும் அதே புத்திதானே இது?

இன்னொருவர் என்னை 'ரஷ்ய அடிமை' என்றார். நான் எழுதியதைப் படித்தாரா என்று தெரியவில்லை. அதற்கும் நம் நண்பர் ஒரு சிரிப்புக் குறி போட்டிருக்கிறார். அதுதான் வலித்தது.

நண்பரே, அந்த உளுந்தில் சுட்ட வடையை எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நாலு சாப்பிட்டவர் நீங்கள். அன்றைக்கு அப்பாவை இளிச்சவாயர் என்று நீங்கள் சொல்லவில்லை. இன்னும் இரண்டு வையுங்கள் என்றுதான் சொன்னீர்கள்.