பான்ஹாம் ஆவி ஒன்றும் கோபித்துக்கொள்ளாது

நேற்று அந்த வீடியோவுக்குக் கீழே நடந்த கூத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நாற்பத்தைந்து வயதுக்காரர், டிரம் ஸ்டிக் பிடித்து எட்டு மாதம், லெட் ஸெப்பிலின் குழுவுக்காக மறைந்த ஜான் பான்ஹாம் வாசித்த 'வென் தி லெவீ பிரேக்ஸ்' தாளத்தை நாற்பது விநாடி வாசித்துப் போட்டார். "பான்ஹாம் ஆவி உங்களை மன்னிக்கட்டும்" என்று ஒரு மேதை எழுதினார். அதற்கு வரிசையாகச் சிரிப்பு எமோஜி. ராத்திரிக்குள் வீடியோ காணோம்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். வாசித்துப் பார்க்காத காதுக்கு டிரம்ஸ் பாதிதான் கேட்கும். மோசமாகவாவது வாசித்துப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

அந்த லெவீ தாளத்தையே எடுத்துக்கொள்வோம். 1971-ல் வந்த பாட்டு. ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டின் கூடத்தில் டிரம்ஸை வைத்து, மாடிப்படி உயரத்தில் இரண்டே மைக்கைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள். எல்லாரும் அந்தச் சத்தத்தைப் பற்றியே பேசுகிறார்கள். வேகத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நிமிடத்துக்கு ஏறக்குறைய 70 அடி. அதாவது ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே முக்கால் விநாடிக்கு மேல் சும்மா இருக்க வேண்டும். புதிதாகப் படிப்பவரின் கை அங்கேதான் பதறும். 110-ல் ஓட்டிவிடலாம், ஓட்டமே காப்பாற்றிவிடும். 70-ல் ஒளிய இடமில்லை. முழங்கால்களுக்கு நடுவே இருக்கும் ஸ்நேர் டிரம்மின் அடி துளி முந்தினாலும் பக்கத்து அறைக்குத் தெரியும். இது யூடியூபில் ஆயிரம் தடவை கேட்டவருக்குத் தெரியாது. வேகத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை 70-ல் வைத்து ஒரு நிமிடம் தட்டிப் பார்த்தவருக்குத் தெரியும்.

அதே மேதை அடுத்த கமெண்டில் பீட்டில்ஸ் டிரம்மர் ரிங்கோவையும் இழுத்தார். "பீட்டில்ஸுக்குள்ளேயே அவர் சிறந்த டிரம்மர் இல்லை என்று லெனனே சொன்னார்" என்றார். லெனன் சொல்லவில்லை ஐயா. அது எண்பதுகளில் பிரிட்டிஷ் நகைச்சுவைக்காரர்கள் கிளப்பிய ஜோக். லெனன் 1980 டிசம்பரிலேயே இறந்துவிட்டார். ரிங்கோ இடதுகைக்காரர். வாசித்தது வலதுகைக்காரருக்கு அடுக்கிய செட்டில். ஸ்நேரிலிருந்து, டாம் டிரம்களைத் தாண்டி, தரையில் நிற்கும் பெரிய ஃப்ளோர் டாம் வரைக்கும் உருட்டிக்கொண்டு போகும்போது நாம் வலது கையில் தொடங்குவோம், அவர் இடது கையில் தொடங்குவார். நீங்களும் ஒருமுறை இடது கையில் தொடங்கிப் பாருங்கள். இரண்டாவது டாமுக்குப் போவதற்குள் கைகள் பின்னிக்கொள்ளும். அதை அவிழ்க்க ஒரு துளி நேரம் வேண்டும். 1966-ல் வந்த பீட்டில்ஸின் 'ரெயின்' பாட்டின் ஃபில்களில், அதாவது இடைவெளியை நிரப்பும் உருட்டல்களில், அந்தத் துளி நேரம்தான் ருசி. இதுவும் கையை நீட்டிப் பார்த்தவனுக்குத்தான் கேட்கும்.

"அப்போ யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் போடலாமா, விமர்சனமே கூடாதா?" கேட்பீர்கள் என்று தெரியும். விமர்சனம் செய்யுங்கள், யார் வேண்டாம் என்றது? "ஹை-ஹாட் (ஜோடி சிம்பல்) அடிக்கும் கை இறுகியிருக்கிறது, ஸ்டிக்கை முழு உள்ளங்கையால் கவ்வுகிறீர்கள், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, பின்நுனியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் பிடித்து மற்ற விரல்களைத் தளர்த்துங்கள்." இது விமர்சனம். பிடி இறுகினால் ஸ்டிக் தானாக எழும்பாது. எழும்பாததைக் கை தூக்க வேண்டும். பத்து நிமிடத்தில் முன்கை எரியும், விரலில் கொப்புளம் வரும், டெம்போ சரியும். ஆவியைக் கூப்பிடுவது விமர்சனமா?

"முறையாகப் படிக்காமல் இறங்கினால் இப்படித்தான்" என்று இன்னொருவர். பான்ஹாமே முறையாக வகுப்புக்குப் போனவரில்லை. ரிங்கோவுக்கு முதல் டிரம் செட் 1957 கிறிஸ்துமஸுக்கு வளர்ப்புத் தந்தை வாங்கிக் கொடுத்தது, அதுவும் செகண்ட் ஹேண்ட். அதற்காக வகுப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ரஷ் குழுவின் டிரம்மர் நீல் பியர்ட், உலகமே கொண்டாடிக்கொண்டிருந்த காலத்தில், நாற்பது வயதைத் தாண்டி, டிரம் ஆசிரியர் ஃப்ரெடி க்ரூபரிடம் போய் மாணவனாக உட்கார்ந்தார். ஸ்டிக்கைப் பிடிப்பதிலிருந்து திரும்பப் படித்தார். ஓர் அடிக்கும் அடுத்ததற்கும் நடுவே கை காற்றில் எப்படிப் போகிறது என்பதுதான் அங்கே பாடம். அவருக்கு வயது தடையில்லை. நம் ஆளுக்கு மட்டும் நாற்பத்தைந்து தடையா?

பக்கத்து வீட்டுக்காரர் பாவம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அது நியாயம், முழுசாக ஒத்துக்கொள்கிறேன். எலெக்ட்ரானிக் செட் வாங்கினால் தீர்ந்தது என்று கடையில் சொல்வதை நம்பாதீர்கள். அதிலுள்ள வலை போன்ற மெஷ் தோலில் கைச்சத்தம் அடங்கும். காலால் மிதிக்கும் கிக் பெடலின் அதிர்வு தரை வழியாகக் கீழ்வீட்டுக்கு இறங்கும். இரண்டு பிளைவுட் பலகைக்கு நடுவே டென்னிஸ் பந்துகளை வரிசையாகப் பதித்து, அந்த மேடைமேல் செட்டை வைத்தால் பெருமளவு குறையும். வெறும் ரப்பர் பாய் போதாது. நிஜ டிரம்ஸ் என்றால் காதுக்கு அடைப்பான் கட்டாயம். இதில் சமரசம் கிடையாது.

சரி, வேகப் பித்துக்கு வருவோம். இந்த மேதைகளுக்கெல்லாம் வேகமாக அடித்தால்தான் டிரம்மர். ரோலிங் ஸ்டோன்ஸின் சார்லி வாட்ஸ் ஸ்நேரை அடிக்கும்போது வலது கையை ஹை-ஹாட்டிலிருந்து தூக்கிவிடுவார். எட்டு அடி வர வேண்டிய இடத்தில் ஆறுதான் வரும். அந்த இரண்டை விட்டுவிட்டு வாசியுங்கள் பார்க்கலாம், பழகிய கை கேட்கிறதா என்று. டோட்டோ குழுவின் ஜெஃப் பொர்காரோ 1982-ல் 'ரோசன்னா'வில் வாசித்த ஷஃபிளும் (மூன்று மூன்றாகப் போகும் தாளம்) அசுர வேகமில்லை. நமக்கு அது சுலபமாக வாயில் வரும். தகிட தகிட தகிட தகிட. 'த'வும் 'ட'வும் வலது கை, ஹை-ஹாட். 'கி' இடது கை, ஸ்நேரில் ஓர் அங்குல உயரத்திலிருந்து, கேட்டும் கேட்காமலும். மூன்றாவது தகிடவின் 'த'வில் மட்டும் இடது கையும் சேர்ந்து ஓங்கி விழ வேண்டும். வில்லங்கம் அதற்கு அடுத்த 'கி'. ஓங்கி அடித்த அதே கை உடனே அடங்க வேண்டும். அடங்காது. மாதக்கணக்கில் அடங்காது. காரணம், அடித்த ஸ்டிக் உயரத் துள்ளிவிடுகிறது, அடுத்த அடியும் அந்த உயரத்திலிருந்தே விழுகிறது. அடித்ததும் ஸ்டிக்கைத் தோலுக்குப் பக்கத்திலேயே நிறுத்தப் பழக வேண்டும். பிராக்டிஸ் பேடில் அந்த இரண்டு அடியை மட்டும் தனியாக, 50-ல் தொடங்கி, சுத்தமாக வந்தால் நான்கு நான்காகக் கூட்டுங்கள். போனில் பதிவு செய்து கேளுங்கள். வாசிக்கும்போது காது பொய் சொல்லும், போன் சொல்லாது.

இவ்வளவு பாடுபட்ட பிறகு 'ரோசன்னா'வைப் போட்டுக் கேட்டால் அது வேறு பாட்டு. இதற்காகத்தான் அமெச்சூர்கள் வாசிக்கிறோம். மேடைக்காக இல்லை, பான்ஹாமை ஜெயிப்பதற்காகவும் இல்லை. நாற்பது விநாடி வீடியோ போடுகிற ஒருவர் அந்த மேதையைவிட ஆயிரம் மடங்கு மரியாதையோடு பான்ஹாமைக் கேட்டவர். கேட்டதால்தான் வாசித்தார். சிரிப்பு எமோஜி போட்ட எத்தனை பேர் வீட்டில் ஒரு ஜோடி 5ஏ அளவு டிரம் ஸ்டிக் இருக்கிறது? சொல்லுங்களேன்.

வீடியோ போட்ட சாருக்கு: அழிப்பதற்கு முன் நான்கு தடவை பார்த்தேன். நான்கு எண்ணிக்கையில் உங்கள் ஸ்நேர் இரண்டில் சரியாக விழுகிறது, நான்கில் முந்துகிறது. கிக் இரட்டையாக வரும் இடத்தில் கால் பதறி, கையையும் இழுத்துக்கொண்டு போகிறது. ஸ்டூல் தாழ்வாக இருக்கிறது. இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயரத்தில் இருக்கும்படி ஏற்றுங்கள். இரண்டு நாள் கையே இல்லாமல் கிக்கை மட்டும் 60-ல் வாசியுங்கள். அப்புறம் திரும்பப் போடுங்கள். முதல் கமெண்ட் என்னுடையதாக இருக்கும்.